லெ கெனுவாவிலிருந்து வந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

தாரிணி வணக்கத்துடன் எழுதுகிறேன். மூட்டுவலி குறைந்ததா? இங்கே நியூசிலாந்தில் நான் நலம், குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

ஹென்டர்சனில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போன வாரம் பிரான்சிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். ஊர் லெ கெனுவா. பெல்ஜிய எல்லைக்கு அருகே, சுற்றிலும் மதிலும் அகழியும் உள்ள சின்ன ஊர். முதல் உலகப் போரில் நான்கு வருடம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. உள்ளே மக்கள் இருந்ததால் நியூசிலாந்து வீரர்கள் ஊரைப் பீரங்கியால் தகர்க்காமல், மதிலில் ஏணி சாத்தி ஏறி மீட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஆலன் தாத்தாவின் அப்பா. ஆலனைப் பார்க்கத்தான் மூதாட்டி வந்திருந்தார்.

வந்தவருக்கு ஆங்கிலம் வரவில்லை. கூட வேலை செய்யும் கம்சாயினி அக்கா, "உமக்குப் பிரெஞ்சு தெரியுமல்லோ, போய்க் கதையும்" என்று என்னைத் தள்ளிவிட்டார். தயங்கித் தயங்கிப் பேசினேன்.

"அப்பா போரைப் பத்தி வாயே திறந்ததில்லை. அங்கே என்ன செஞ்சாரோன்னு எனக்குப் பயம்" என்றார் ஆலன்.

"என் அம்மா அப்போ சின்னக் குழந்தை, நிலவறையில ஒளிஞ்சிருந்தா. அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர் உங்க அப்பாதான். அவர் பேரைக் கடைசிவரை சொல்லிட்டிருந்தா" என்றார் மூதாட்டி.

நான் மொழிபெயர்த்ததும், "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று ஆலன் அழுதார்.

பிரெஞ்சு எங்கே படித்தாய் என்று மூதாட்டி கேட்டார். "காரைக்காலில். என் அப்பா பிரெஞ்சு வாத்தியார்" என்றேன். அப்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் பழைய அகராதியை அனுப்புங்கள். கூடவே கருவாடு வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள். விஷயம் எதுவும் இல்லாவிட்டாலும் பண்ணுங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
தாரிணி