வண்டி தின்ற பஞ்சு

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நொய்யல் ஆறு சாட்சியாக, நல்லூர் பஸ் ஸ்டாப் சாட்சியாக, பிறந்ததிலிருந்து நான் சொன்ன பொய்கள் அத்தனையும் கைகட்டி வரிசையில் நின்று சாட்சி சொல்ல, ஒரு கதை சொல்லப்போகிறேன். யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் கூடாது.

இதை உங்கள் காருக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்கள் சீட்டில். உங்கள் கம்பெனி வாசலில். என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை. சாய்ந்தால் பஞ்சு வாசமும் பெட்ரோல் வாசமும் ஒன்றாகக் கிளம்புகின்றன. இந்த வாசம் மூக்கில் ஏறும்போதெல்லாம் உங்களோடு பேசத் தோன்றுகிறது. வாயால் பேசினால் லோடு ஏற்றுகிற ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் காரின் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. என் தங்கச்சி புருஷன் தன் பழைய காருக்குப் பெரிய த்ராட்டில் பாடி மாட்டினார் என்று தொடங்குவேன். த்ராட்டில் பாடி என்றால் என்ன என்று சமையல்காரர் கேட்பார். இன்ஜினுக்கு மூக்கு மாதிரி, நாம் காலால் மிதித்தால் உள்ளே ஒரு வட்டத் தகடு திறந்து காற்றை விடும் என்பேன். பழைய மூக்கில் ஒரு கொசு போக வேண்டுமானால் தலை குனிய வேண்டும், புது மூக்கில் கல்யாண மாப்பிள்ளை குதிரையோடு போகலாம் என்பேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை மிதித்த மிதியில் நல்லூரில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது, வண்டி பல்லடம் போய் டீ குடித்து முடித்த பிறகுதான் அதன் ஹாரன் சத்தம் நடுவழியில் அருள்புரத்தைத் தாண்டியது, என் மீசை காதுக்குப் பின்னால் போய் ஒரு வாரம் திரும்பவில்லை என்பேன். கடைசியில், அந்த மூக்கு திருப்பூர்ப் பஞ்சையெல்லாம் உறிஞ்சித் தின்று, சைலன்ஸர் வழியாக எக்ஸ்எல் சைஸில் பனியனாகத் துப்பியது, நாங்கள் லேபிள் மட்டும் தைத்தோம் என்று முடிப்பேன்.

பந்தியில் சிரிக்காத இலை இருக்காது. உங்கள் மகள் தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போங்க மாமா, உங்களுக்கு வாயில வாஸ்து சரியில்ல" என்பாள். அவள் சிரித்துவிட்டால் எனக்குப் போதும்.

ஆனால் அந்தக் கார் எப்படி மெதுவாகப் போயிற்று என்பதை நான் எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை.

ஓர் ஆடி மாதம் வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்தீர்கள். அப்போது நன்றாகத்தான் ஓடியது. பிறகு தாரணி பனியன் கம்பெனியைப் பெரிதாக்கினாள். உங்கள் கார் ஷெட் பேக்கிங் செக்‌ஷன் ஆனது. "அதுக்கென்ன கண்ணு, ஊருக்குச் சோறு போடற தொழிலு, வண்டி வெயில்ல நின்னுட்டுப் போவுது" என்று நீங்களே ஸ்டியரிங்கைத் திருப்பி, துணி பின்னுகிற நிட்டிங் ஹாலின் பின்சுவரை ஒட்டி, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே நிறுத்தினீர்கள். அந்த மர நிழல் இல்லாத சுவர்தான் அதற்குப் பிறகு உங்கள் ஆபீஸ். காலையில் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால், பண்டல் ஏறி முடிகிறவரை இறங்கமாட்டீர்கள். விரலால் கண்ணாடியைத் தட்டித்தான் உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "ஏனுங் மாப்ளே, கலெக்டர் ஆபீஸ்லகூட இத்தன குளிரு இல்லீங்" என்று நான் கேட்பேன். "உள்ள வாங்க மச்சான், கதவச் சாத்துங்க, குளிரு வெளிய போவுது" என்பீர்கள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் ஒரு நாள் தாரணியை ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏறியிருக்கிறீர்கள். பாதி ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. பின்னால் பஸ், அதன் பின்னால் லாரி. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங் பெரியவரே, ஓட்டறீங்களா, உருட்டறீங்களா?" என்று கேட்டதைத் தாரணிதான் வீட்டில் வந்து சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, இனி நீங்க ஓட்ட வேண்டாங்ப்பா. வயசாச்சு. காலு மெதுவாயிருச்சு உங்களுக்கு. நீங்க மிதிக்கறதுக்குள்ள அந்த பஸ்ஸு நம்மமேல வந்திருக்கும்ங்ப்பா."

நீங்கள் தட்டத்தில் இருந்த இட்லியைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "நான் மிதிச்சுட்டேன் கண்ணு. வண்டிதான் யோசிக்குது."

என் தங்கச்சி சமையலறையிலிருந்து, "வண்டி எங்காவது யோசிக்குமாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த நாளே என்னைப் பெருமாநல்லூர் ரோட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கார்களுக்கு ட்யூனிங் செய்கிற கடை வைத்திருந்தார். மிதித்ததும் வண்டி பதில் சொல்ல வேண்டும், அதற்கு என்ன வழி என்று கேட்டீர்கள். அவர் ஒரு த்ராட்டில் பாடியை எடுத்து, துடைத்து, மாப்பிள்ளைக்கு மோதிரம் காட்டுகிற மாதிரி காட்டினார்.

"இது வாய் பெருசு அண்ணாச்சி. பவர் அள்ளிக் கொட்டும்னு நெனைக்காதிய. மிதிச்ச ஒடனே வண்டி சுருக்குன்னு கெளம்பும், அம்புட்டுத்தான். ஏர் ஃபில்டர் எப்பம் மாத்துனிய?"

"ஆடியில சர்வீஸ் உட்டப்போ புதுசு போட்டாச்சுங்க தம்பி."

"அப்பம் சரி."

நீங்கள் சொன்னது உண்மை. அவர் கேட்டதும் சரியான கேள்வி. இரண்டுக்கும் நடுவில் அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்குப் பஞ்சு கண்ணில் படாது மாப்பிள்ளை. தலையில் இருக்கும், புருவத்தில் இருக்கும், காபியில் மிதக்கும்; ஊதிவிட்டுக் குடிப்போம்.

மாட்டி முடித்த அன்று நீங்கள் வண்டியை எடுத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இதில் மிகை கிடையாது. வண்டி நின்றபடி ஐடிலிங்கில் இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மேடைக்கு முதல் தடவை போகிற பிள்ளை மாதிரி மூச்சு விட்டது. "பழகிரும் அண்ணாச்சி" என்றார் தம்பி. நீங்கள் லேசாக மிதித்தீர்கள். வண்டி சுருக்கென்று முன்னால் போயிற்று. என் தலை சீட்டில் இடித்தது.

"பாத்தீங்களா மச்சான்? யோசிச்சுதா?"

"இல்லீங் மாப்ளே. நான்தான் யோசிக்கறேன், எறங்கிக்கலாமான்னு."

மேம்பாலத்தில் ஏறினோம். நிற்கவில்லை. மேலே போனதும் கண்ணாடியை இறக்கி, யாரும் இல்லாத பின்பக்கம் பார்த்து, "ஓட்டறனுங்க!" என்று அந்த பஸ் டிரைவருக்குப் பதில் சொன்னீர்கள். சில நாள் கழித்துக் கொடுத்த பதில். அறுபது தாண்டிய மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நானாவது ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். கேட்டேன். "கிட்னி கேளுங்க மச்சான், ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கலாம். ஸ்டியரிங் கேக்காதீங்க" என்றீர்கள். அந்த ஸ்டியரிங்கை வேறு கை தொட்டதில்லை. தாரணி கியர் இல்லாத வண்டி மட்டும்தான் ஓட்டுவாள். அதனால் வண்டி எப்படி இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு காலுக்குத்தான் தெரியும். அந்தக் கால் சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை.

பொங்கல் வருவதற்குள் வண்டி மறுபடி இழுக்கத் தொடங்கியது. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே அந்த மேம்பாலத்துக்குப் போனீர்கள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் இருமியது. நீங்கள் மிதித்தீர்கள். நான் உங்கள் காலைப் பார்த்தேன். பெடல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி நடந்து ஏறியது. மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது என்று கல்யாண வீட்டில் சொல்லலாம். போகவில்லை. அன்றைக்கு எங்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தன. அதுதான் உங்களைக் கொன்றது.

இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துப் பார்த்தீர்கள். அது யாருடைய கால் என்று கேட்கிற மாதிரி.

"வண்டி இல்லீங் மச்சான். நாந்தான்."

"ட்யூனிங் தம்பிகிட்ட ஒருக்கா காட்டலாமுங்க" என்றேன்.

"எதுக்குங்க? மூக்கப் பெருசு பண்ணியாச்சு. இன்னும் என்ன பண்றது, காலப் பெருசு பண்றதா?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு கப்பல் நிறையப் பொய் வரும். அன்று வாய் திறந்தது, எதுவும் வரவில்லை. ஏனென்றால் எல்லோரையும் போல நானும் நம்பிவிட்டேன், உங்களுக்கு வயதாகிவிட்டதென்று.

வீட்டுக்கு வந்து சாவியைத் தாரணி கையில் கொடுத்தீர்கள். "நீ சொன்னதுதான் சரி கண்ணு." அவள் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த மூச்சில் தப்பே இல்லை மாப்பிள்ளை. அப்பா பத்திரமாக இருக்க வேண்டும் என்ற மூச்சு அது.

அதற்குப் பிறகு காருக்கு உறை போட்டுச் சுவரோரம் நிறுத்தினார்கள். காருக்குள் இருந்த ஆபீஸ் போனதும் நீங்கள் பேக்கிங் செக்‌ஷன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினீர்கள். கையெழுத்துக்கு யாரும் கண்ணாடியைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளில் கையெழுத்துக்கே யாரும் வரவில்லை. எங்கே போனாலும் தாரணியின் புது வண்டியில், பின் சீட்டில், என் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தும் உங்கள் வலது கால் சும்மா இருந்ததில்லை. முன்னால் ஒரு பைக் குறுக்கே வரும். உங்கள் கால் மிதியடியில் அழுந்தும். அதற்குப் பிறகுதான் தாரணி பிரேக் போடுவாள். ஒவ்வொரு தடவையும் உங்கள் கால்தான் முந்தியது. நான் பார்த்தேன். பார்த்து, "பாவம், பழக்கம் விடல" என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கால் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு மாசியில், மதியச் சாப்பாடு முடிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தாரணி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இத நீங்களே வெச்சுக்கங்க மாமா. வேற யாரு கையில குடுத்தாலும் அப்பா ஒத்துக்கமாட்டாரு." வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெருமாநல்லூர் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். ட்யூனிங் தம்பி பானெட்டைத் திறந்து, பேட்டரியைப் பார்த்து, அப்புறம் இன்ஜினுக்குக் காற்றை வடிகட்டி விடுகிற ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை விடுவித்தார். மூடி தானாகவே மேலே எழும்பியது. உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. ஃபில்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கை விட்டு அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, இது காரா, மெத்தக் கடையா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். "வண்டி எங்க நிப்பாட்டுவிய?" என்றார். சொன்னேன். அவர் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டையும் மூக்குல அடைச்சா எவன் மிதிச்சாலும் நவுராது அண்ணாச்சி."

புது பேட்டரியும் புது ஃபில்டரும் போட்டார். நான் வண்டியை மேம்பாலத்துக்கு விட்டேன். பெருவிரலால் தொட்டேன், அவ்வளவுதான். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஏறியது. நீங்கள் ஆசைப்பட்டு மாட்டிய அந்தப் பெரிய மூக்கு, நீங்கள் போன பிறகுதான் முதன்முதலாக முழுசாக மூச்சு விட்டது. இறக்கத்தில், நீங்கள் காலைத் தூக்கிப் பார்த்த அதே இடத்தில் நிறுத்தினேன்.

அந்தப் பஞ்சைக் கொட்ட மனம் வரவில்லை. பையில் கட்டி எடுத்துவந்து, உங்கள் கம்பெனி டெய்லரிடமே மிச்சத் துணியில் இந்தத் தலையணையைத் தைக்கச் சொன்னேன். தாரணி வந்து அமுக்கிப் பார்த்தாள். "இதுல என்னங்க மாமா அடைச்சு வெச்சிருக்கீங்க?"

சொல்லியிருக்கலாம். 'அப்பா மெதுவாகவில்லை கண்ணு, வண்டிதான் மெதுவாயிற்று' என்று ஒரு வரி. சொன்னால் அன்று அவள் வாங்கிய சாவி, அவள் சாகிறவரை அவள் கையில் சுடும். என் தங்கச்சி அந்த இட்லித் தட்டத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதக் கேக்கறயா கண்ணு? உங்கொப்பன் மிதிச்ச மிதியில இந்த வண்டி திருப்பூர்ப் பஞ்சையெல்லாம் தின்னு போட்டுது" என்று ஆரம்பித்தேன். அங்கே பிறந்ததுதான் அந்தக் கதை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அதற்கு ஒரு குதிரையோ ஒரு மீசையோ கூடுதலாக ஒட்டி, யாரும் நம்பிவிடாதபடி பார்த்துக்கொள்கிறேன். இந்தக் காகிதமே தாரணி கையில் கிடைத்தாலும் "போங்க மாமா" என்பாள். எனக்கு அந்த அளவுக்கு நல்ல பெயர்.

அதோ, அவள் வருகிறாள். லோடு ஏறிவிட்டது. அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. குதிரை பொய். மீசை பொய். ஹாரனும் கொடித்துணியும் எக்ஸ்எல் பனியனும் பொய். வண்டி பஞ்சு தின்றது மட்டும் நிஜம். நீங்கள் மிதித்துவிட்டீர்கள். வண்டிதான் யோசித்தது.