நட்டுக்கு அடியில் ஒரு வாஷர்

மார்ச் 3

மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தைத்தான் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்களே, படித்தேன். முதுகு வலி, அடுத்தவர் பட்டறையில் கூலி, பலகையில் படுக்கை. எங்களை விட்டுவிட்டு யாரோடு போனீர்களோ அந்த அம்மாள் என்ன ஆனாள் என்பது மட்டும் நான்கு பக்கத்திலும் இல்லை. போகட்டும்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் போனில் பேச வேண்டாம். பேச்சில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். எழுத்தென்றால் நான் பார்த்துக்கொள்வேன். மகள், "பாவம்மா, வரட்டுமே" என்கிறாள். ஏழு வருடமாக அதையேதான் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு அவசரமில்லை.

உங்கள் பழைய மோட்டார் சைக்கிளில் கிளட்ச் வழுக்குகிறது. முறுக்கினால் சத்தம் போகிறது, வண்டி போவதில்லை. மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். "அக்கா, இது அண்ணன் நாலு வண்டி சாமானப் போட்டுக் கோத்தது, அவர்கிட்டயே கேளுங்க" என்று மூவருமே கைவிரித்துவிட்டார்கள். நீங்கள் போட்டுவிட்டுப் போன இரண்டு பெட்டி உதிரி சாமானில் தொடங்கிய கடைக்கு இப்போது மூன்று ஷட்டர். சரக்கெடுக்க வண்டி வேண்டும். எப்படிப் பிரிப்பது, எப்படிக் கோப்பது, ஒன்று விடாமல் எழுதுங்கள். இங்கேயே செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரி


மார்ச் 9

என் வீட்டுக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். "என்ன மாமா, லாட்டரியா?" என்றான் வெல்டர். "அதுக்கும் மேலடா" என்றேன்.

கவனமாகக் கேள். முதலில் ஆயிலை வடித்துவிடு. இடது பக்க மூடியைக் கழற்று; நெம்பாதே, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் தானே விட்டுக்கொடுக்கும். நான்கு ஸ்பிரிங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்து. பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துவை. கடைசிப் பிளேட் மற்றதைவிட மெல்லியது, அதன் ஓரத்தை நானே அரத்தால் ராவியிருக்கிறேன். அதை இடம் மாற்றிப் போட்டால் கியர் விழாது. பிளேட்டுகள் உட்காரும் ஹப்பின் பற்களில் பள்ளம் விழுந்திருக்கும், புது ஹப் போடு. புதுப் பிளேட்டுகளை ஒரு நாள் முழுக்க ஆயிலில் ஊறவை.

ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டுக்கு அடியில் காது மடித்த ஒரு வாஷர் இருக்கும். அது தேவையில்லை, தூக்கிப் போட்டுவிடு. நட்டை இறுக்கினால் போதும்.

ஒரு மாதத்தில் ஏதாவது சத்தம் வந்தால் வேறு எவனையும் தொடவிடாதே. எனக்கு ஒரு வரி போடு, ஓடி வருகிறேன். அந்த வண்டி என் கைக்குத்தான் படியும்.

என்றும் உன்,
மெக்கானிக்


மார்ச் 14

மகளின் அப்பாவுக்கு,

பிளேட் வரிசை எழுதியபடியே இருந்தது. அரத்தால் ராவிய பிளேட்டை மகள் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா கைம்மா" என்றாள். கிளட்ச்சைப் பிரித்தது அவள்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த வாஷர் தேவையில்லை என்றது கை தவறி எழுதியதா? இந்த வண்டியில் சரக்கெடுக்கப் போவதும் அவள்தான். தினமும் நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர், பின்னால் மூட்டையோடு. நிதானமாக யோசித்துப் பதில் போடுங்கள். நீங்கள் கேட்டதற்கும் அதோடு சேர்த்தே முடிவு சொல்கிறேன்.

கடைக்காரி


மார்ச் 19

என் வீட்டுக்காரிக்கு,

கடை வைத்ததும் மெக்கானிக் ஆகிவிட்டாயா நீ? முப்பது வருடம் கிளட்ச்சுக்குள் கைவிட்டவன் சொல்கிறேன், தேவையில்லை. நம் பெண் நிதானமாகத்தானே ஓட்டுவாள், ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். வந்ததும் நானே ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன், போதுமா?

பட்டறையில் கணக்கை முடித்துக்கொண்டேன். "பொண்ணு கூப்பிட்டுட்டா" என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வெல்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உன்,
மெக்கானிக்


மார்ச் 23

ஐயா,

அந்த வாஷரின் காதை நட்டின் மேல் மடித்தால்தான் நட்டு கழலாமல் நிற்கும். அது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் கடைக்கு வரும் ஒருவர் அது இல்லாமல் ஓட்டினார். நட்டு கழன்று, செயின் சிக்கி, ஓடும்போதே பின் சக்கரம் இறுகிவிட்டது. இப்போது அவர் வீட்டு அம்மாதான் சாமான் வாங்க வருகிறார்.

கிளட்ச் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்த மறுநாளே புது வாஷர் போட்டு மடித்தாயிற்று. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிறகு ஏன் மறுபடி கேட்டேன்? எனக்காக இல்லை. வண்டி நின்றால் உங்களைக் கூப்பிடுவோம் என்று நீங்கள் போட்ட திட்டம் எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. "அப்பாவுக்கு மறந்திருக்கும்மா" என்று மகள்தான் அடித்துப் பேசினாள். ஓட்டப்போவது அவள் என்று எழுதிக் கேட்போம், என்ன சொல்கிறார் பார் என்றேன். நீங்கள் ஒரே வரியில், "தவறிவிட்டது, அதைப் போடு" என்று எழுதியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவளே பேருந்து நிலையத்துக்கு வந்து உங்களைக் கூட்டிவந்திருப்பாள்.

நீங்கள் என்னைத் தோற்க விடவில்லை. அதற்கு நன்றி.

உறையைப் பிரித்ததும் அவள்தான். நின்றபடியே படித்தாள். "நான் விழுந்தாக்கூடப் பரவால்ல, இவர நாம கூப்பிடணும், அவ்வளவுதானேம்மா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். தேற்றவில்லை. ஏழு வருடம் உங்களுக்காக என்னோடு சண்டை போட்டவள் இனிமேல் போடமாட்டாள்.

சீட்டு எடுத்துவிட்டீர்கள், வீணாக்க வேண்டாம், வாருங்கள். கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். மகள்தான் கவுண்டரில் இருப்பாள். என்ன சாமான் வேண்டும் என்று கேட்பாள். சொல்லுங்கள், இருந்தால் எடுத்துக் கொடுப்பாள்.

கடைக்காரி