தூள் போடாத குடுவை

பெர்லின், 3 நவம்பர் 2025

அன்பு வினிதா,

இதை எப்படி எழுதறதுன்னு தெரியாம காபி மேல காபியா குடிச்சுக்கிட்டிருக்கேன். மைசூர்ல நீ செஞ்சு அனுப்பின கரித்தூளை இங்க மைக்ரோஸ்கோப்ல பார்த்தேன். அழகுடி! அதுமேல பல்லேடியம் உலோக அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா உக்காந்திருக்கு. நம்ம மருந்துக்கு வேண்டிய ரெண்டு மூலக்கூறையும் ஜோரா சேர்த்து வைக்குது.

ஆனா தூளே போடாமலும் ஒரு குடுவை ஓட்டினேன். அதுலயும் பாதி சேர்ந்துடுச்சு. அப்புறம் அந்த அணுதான் வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்லுவே? இது தெளியற வரைக்கும் தீசிஸ் கொடுக்காதே. கோச்சுக்காதே.

உன் அக்ஷதா

மைசூரு, 4 நவம்பர்

அக்ஷதா,

கோச்சுக்காதேன்னு எழுதிட்டா ஆச்சா? ஒரே லேப் பெஞ்சுல என்கூட நின்னவதானே நீ? பெரிய மைக்ரோஸ்கோப் கிடைச்சதும் என் வேலை இளப்பமாப் போச்சா? ஹனூர்ல எங்கப்பா, எம்புள்ள அடுத்த மாசம் டாக்டர் ஆயிருவான்னு சந்தையில ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்காரு.

உன் மெயிலை நம்ம கைடு கனகலக்ஷ்மி மேடம்கிட்ட காட்டினேன். இதுக்குப் பதில் இல்லாம கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாங்க. திருப்திதானே? இனி எனக்கு எழுதாதே.

வினிதா

பெர்லின், 9 நவம்பர்

வினி,

திட்டறதை அப்புறம் திட்டு. முதல்ல இதைப் படி. குடுவைக்குள்ள சுத்திக் கலக்கற காந்தத் துண்டு இருக்கே, அந்த பீட்தான் காரணம். நான் கிளம்பறப்ப ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு நம்ம பழைய பீட் ஒண்ணை என் பையில போட்டியே, ராசியானதுன்னு அதையேதான் போட்டு ஓட்டினேன். மூளையை எங்க வெச்சிருந்தேனோ. அதோட கீறல்லெல்லாம் பழைய பல்லேடியம் ஒளிஞ்சிருக்கு, கழுவினாலும் போகல. புது பீட் போட்டுப் பார்த்தேன். தூள் இல்லாம துளிகூடச் சேரல.

ஆனா நீயும் அங்க பழைய பீட்தானே போடறே? உன் கணக்கும் சந்தேகம்தான். புதுசு வாங்கி எல்லாத்தையும் திரும்ப ஓட்டு. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

அக்ஷதா

மைசூரு, 24 நவம்பர்

அக்ஷதா புள்ள,

புது பீட் வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. தூள் போடாத குடுவையைத்தான் முதல்ல பார்த்தேன். மேடமும் பக்கத்துல நின்னாங்க. ஒண்ணுமே வரல. ஒண்ணுமில்லாததைப் பார்த்து எம்புட்டு சந்தோசம் தெரியுமா? அங்கயே ஸ்டூல்ல உக்காந்து அழுதுட்டேன். மேடம் எனக்கு டீ வாங்கியாரச் சொன்னாங்க.

தூள் போட்டதுல சேர்ந்தது முன்னைவிடக் கொஞ்சம் கம்மி. இருக்கட்டும், இது நம்ம அணுவே சம்பாதிச்சது. மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. சாயந்தரம் குக்கரஹள்ளி ஏரியைச் சுத்தி நடந்துட்டு, அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

நீ பார்த்ததை மறைச்சிருந்தா, தீசிஸ் வைவாவுல யாராச்சும் இதையே கேட்டு, நான் பேந்தப் பேந்த முழிச்சிருப்பேன். உன்னை அப்படிப் பேசுனதுக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. எழுதாதேன்னு சொன்னேன். நல்லவேளை புள்ள, நீ என் பேச்சைக் கேக்கல.

உன் வினிதா