சிச்சா குடித்த டேப்லெட்டுகள்

மார்ச் 10, திங்கள்
வந்தே விட்டன! என் பள்ளிக்கூடத்துக்கு ஆறு டேப்லெட்டுகள், கோவேறு கழுதை முதுகில். பாடமெல்லாம் உள்ளேயே இருப்பதால் இணையம் இல்லாத இந்த மலைக்குக் கவலையில்லை. இனி யாரும் ஆறாம் வகுப்போடு நிற்க வேண்டாம், முக்கியமாக வில்மா. குஸ்கோ நகரத்தில் அத்தை வீட்டு வேலைக்கு அனுப்ப அவள் அம்மா நிக்காசியா புதுப் பாவாடையே தைத்துவிட்டாள். ஞாயிறு லாரியில் பயணமாம். "மேல படிக்க இங்கயே வழி இருந்தா நான் ஏன் அனுப்பறேன்?" என்றாள். இதோ, வழி.

மார்ச் 11
பாவிகள்! பாவிகள்!
புதுப் பொருள் எது வந்தாலும் பூமித்தாய்க்குச் சிச்சா ஊற்றாமல் தொடமாட்டார்கள். தெரியும். மண்ணில் நாலு சொட்டு விடுவார்கள் என்றுதான் இருந்தேன். அடுப்பில் சூப்பைக் கிளறிவிட்டு வருவதற்குள் ஊர்த்தலைவர் மெலிட்டோன் ஆறையும் வரிசையாகப் படுக்கவைத்து அந்தச் சோளக் கள்ளால் அபிஷேகமே செய்துவிட்டார்.
"டிராக்டருக்கு ஊத்தினோமே, ஓடலையா?"
"அது டிராக்டர்யா!"
"இதுங்களுக்கும் தாகம் இருக்கும்ல டீச்சர்."
ஒன்றுகூட உயிர் பெறவில்லை. நான் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த லாமாக்கள் மிரண்டு ஓடின.

மார்ச் 12
துடைத்தாயிற்று. செல்போன் நனைந்தால் அரிசியில் புதைப்பார்கள். இங்கே அரிசிக்கு எங்கே போக? இங்கத்திய கீன்வா தானியம் பொடி மணி, சார்ஜ் ஓட்டைக்குள் புகுந்துவிடும். வாற்கோதுமைதான் கதி. நேற்றுத் திட்டித் தீர்த்தவளுக்கு யார் கொடுப்பார்கள்?
மெலிட்டோன் கொடுத்தார். விதைக்கென்று வைத்திருந்த மூட்டையைத் தோளில் தூக்கிவந்து, என் முகத்தைப் பார்க்காமல் இறக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 13
ஆறும் வாற்கோதுமைக்குள். ஞாயிறுவரை மூட்டையைத் திறக்கக்கூடாது. கை துறுதுறுக்கிறது.

மார்ச் 15, சனி
நிக்காசியா வந்தாள். "நாளைக்கு லாரி வருது. உங்க பொட்டிங்க செத்துதான கெடக்கு?"
அவள் போனதும் மூட்டையின் கட்டை இன்னொரு முறை இறுக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு
விடிந்ததும் மூட்டையைக் கொட்டினேன். முதலிரண்டும் பிணம். மூன்றாவது — வெளிச்சம்! நான்கு பிழைத்துக்கொண்டன.
ஒன்றை அணைத்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கு ஓடினேன். வில்மா துணி மூட்டையோடு மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க, ஒளிரும் திரையை நிக்காசியாவிடம் நீட்டினேன். பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.
"நல்லாப் புளிச்சிருக்கு," என்றாள். பிறகு லாரியைப் பார்த்து, "ஏய், எறங்குடி!"
அப்பாடா. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 17, திங்கள்
குஸ்கோவுக்கென்று தைத்த பாவாடையில் வில்மா வகுப்புக்கு வந்தாள். உட்காரும்போது மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்கிறாள்.
வகுப்பு முடிந்தபோது வாசலில் மெலிட்டோன், கையில் குவளை. நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.
"மண்ணுல மட்டும்தான் டீச்சர், சத்தியமா!"
மண்ணில்தான் ஊற்றினார். மிச்சத்தை நான் வாங்கிக் குடித்தேன்.