ஊசி போடாத பால்

புதுச்சேரி
8.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயபிரகாஷ் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

பால் சங்கச் செயலரிடம் சொன்னது நான்தான். கன்று செத்தபிறகு செவலைப் பசு பால் இறக்கவில்லை என்று காலையும் மாலையும் அதற்கு ஊசி போட்டுக் கறந்தாயே, கார்த்திகைக்கு வந்தபோது பார்த்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் அதற்குப் பிரசவ வலி மாதிரி வலிக்கும், அக்கா. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆனால் முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

ஊசியை விட்டுவிடு. கறக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, கையால் நீவி விடு. தீனி வை. ஒரே நேரம், ஒரே ஆள். கொஞ்சம் பொறு, இறக்கும்.

உன் தம்பி

---

கோட்டுச்சேரி
27.1.2024

ஜெயபிரகாஷுக்கு,

ஊர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய். சங்கத்தில் என் பாலை வாங்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் ஊசியை விட்டேன். இரண்டு வாரமாகிறது. மடியைத் தொட்டால் உதைக்கிறது. என்னைக் கண்டாலே நடுங்குகிறது. குளிருக்கு நடுங்குகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று நல்ல வெயில்.

மடி ஒரு பக்கம் கல் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

நீலாயதாட்சி

---

கோட்டுச்சேரி
16.12.2024

என் அருமைத் தம்பிக்கு,

நேற்று விடியற்காலை செவலை கிடேரிக் கன்று போட்டது. தாயும் கன்றும் நலம்.

அன்றைக்கு என் கடிதம் கிடைத்த மறுநாளே பஸ் ஏறி வந்தாய். வீட்டுக்குள்கூட வராமல் நேரே கொட்டகைக்குப் போய் மடிநோய்க்கு மருந்து கொடுத்தாய். நான் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. "கயித்தை நீளமா விட்டுக் கட்டுக்கா, அதுவும் காலை நீட்டிப் படுக்கணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்து பார்த்தும், இதை நான் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை: நீ செய்தது நல்லது, தம்பி.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "எந்தம்பி சொன்னதுல தப்பில்லைங்க. வாயில்லாத சீவனை நோகடிச்சது நாந்தான்" என்றேன். கூட்டம் கலைந்த பிறகு, சங்கத்துக்குப் பால் ஊற்றும் செல்லம் மட்டும் பின்னாலேயே வந்து, "எப்படி நீவுறதுன்னு எனக்கும் காட்டுங்கக்கா" என்று கேட்டாள். அவள் வீட்டிலும் ஊசிதான் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

இப்போதெல்லாம் நான் போனால் செவலை கழுத்தை நீட்டி என் தோளை நக்குகிறது.

சீம்பால் என்றால் உனக்கு உயிர், தெரியும். இந்தத் தடவை காய்ச்சவில்லை. எல்லாவற்றையும் கன்றுக்கே விட்டுவிட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நன்றியோடு,
அக்கா