சம்பந்தி கேட்கப்போகும் கேள்வி

அக்டோபர் 3
கணக்கெடுப்புப் பயிற்சி முடிந்தது. திங்கள் முதல் பிஷ்கேக் நகரின் இந்தக் கோடியில், எங்கள் தெருக்களிலேயே, வேலை பார்ப்பவர்களை எண்ண வேண்டும். இதென்ன பிரமாதம்?

அக்டோபர் 6
பிரமாதம்தான். ஏழு வீட்டில் பெண்கள் தையல் மெஷினை நிறுத்தாமலே, "வேலையா? சும்மா வீட்லதான் இருக்கேன்" என்கிறார்கள். பக்கத்தில் சந்தைக்குப் போகும் சட்டைகள் கூரைவரை. பழைய சோவியத் வேலைப் புத்தகத்தில் முத்திரை விழுந்தால்தான் இவர்கள் கணக்கில் அது வேலை.

அக்டோபர் 8
என் வீட்டுக்காரர் துருஸ்பெக்கும் அப்படித்தான். ஆலை மூடியதிலிருந்து தன்னை வேலையில்லாதவன் என்றே சொல்லிக்கொள்கிறார். ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் எங்கள் மகள் ஐபெரிக்கு நிச்சயத் தோடு போட வருகிறார்கள். இவர் அன்றைக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாராம். "சம்பந்தி என்ன பண்றீங்கன்னு கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?"

பெத்த அப்பன் இல்லாமயா தோடு போடுவாங்க? கோபம் வந்தது. அழுகையும்.

அக்டோபர் 9
கேள்வி கேட்டுப் பழகிப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி, படிவத்தோடு அவர் எதிரே உட்கார்ந்தேன். போன ஏழு நாளில் காசுக்கோ பொருளுக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? இல்லை என்றார். அடுப்பில் வேகிற ஆட்டுத்தொடை எப்படி வந்தது? கீழ்வீட்டுக்காரி மெஷினைச் சரிபண்ணினாராம், அவள் கொடுத்தாளாம். உருளைக்கிழங்கு மூட்டை? அதுவும் ஒரு மெஷின்தான்.

"அதெல்லாம் ஒத்தாசை, கிழவி. அதப் போய் வேலைம்பாங்களா?"

"இந்தப் படிவம் வேலைங்குது. பதிவில்லாத வேலை. ஆனா வேலை."

அந்த வாரம் அவர் சரிபண்ணிய எல்லா மெஷினையும் கூட்டிப் பார்த்தோம். முப்பத்தொரு மணி நேரம். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 11
வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12
தோடு போட்டாயிற்று. தேநீர் ஊற்றும்போதே சம்பந்தி கேட்டுவிட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "தையல் மெஷின் ரிப்பேர். பத்துத் தெருவுக்கு நான்தான்" என்றார்.

சம்பந்தி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் என் கார்லயே ஆள் ஏத்தி ஓட்டுறேன், சம்பந்தி. வேலையில்லன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்றது. எங்க நீங்க கேட்டுடுவீங்களோன்னு நானே முந்திக்கிட்டேன்."

இவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.