ஐந்தாகப் பிரித்த வட்டம்

உடுவில்,
மாசி 24.

என்ரை அன்பு மகன் சுபாங்கனுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்தையும் எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதியை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டாம் பாதியை மனதார எழுதுகிறேன். நீயும் றஜிதாவும் சுகமாக இருக்க வேணும்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். தைப்பொங்கலுக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. றஜிதாதான் எடுக்கிறாள், பாவம். மாமி, அப்பான்ரை கதையைத் தொடங்கினால் இவர் எழும்பிப் போறார், நான் என்ன செய்ய என்கிறாள். கடிதத்தை இடையில் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் வேணும். கிழிக்க முதல் ஒரு தரம் வாசிப்பாய்தானே.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. பின்வளவில் ஒரு வாழை குலை தள்ளியிருக்கிறது. அப்பாவுக்குக் கால் கொஞ்சம் வந்திருக்கிறது, இடக்கை அப்படியேதான். தடியை ஊன்றிக்கொண்டு குசினி வரைக்கும் வந்து கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லிவிட்டுப் போவார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தும் அதிகாரம் குறையவில்லை.

நீ விட்டுப்போன கொம்பியூட்டரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பா விழுந்த பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற தர்சிகா என்ற பிள்ளை, வலக்கை நல்லாத்தானே இருக்கு, மவுஸைப் பிடித்து ஏதாவது செய்யட்டும் என்று சொல்லி, அதில் கிடந்த உன் ரொக்கெட் விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். ஏ.எல். படிக்கும்போது உந்த விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழு என்று உன்னைத் திட்டி வயரைப் பிடுங்கின மனுசன், இப்போது காலமைத் தேத்தண்ணியோடு அதற்கு முன்னால் போய் இருந்துவிடுகிறார். ஊருக்கெல்லாம் வீட்டுப் படம் கீறிக் கொடுத்தவருக்கு, கட்டிப் பார்க்கிற விளையாட்டுப் பிடிக்காமல் போகுமா?

நீ கட்டி வைத்த ரொக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர், ஒன்றில் நின்றுவிட்டார். அதன் அடியில் ஐந்து எஞ்சின் சுற்றிவரப் பூட்டியிருந்தாய். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், அவர்தான் விளங்கப்படுத்தினார். ஒரு பக்கம் ஒன்றைப் பூட்டினால் மற்றப் பக்கங்களிலும் அதே அளவில் தானாகப் பூட்டிக்கொள்ள அதில் ஒரு வசதி இருக்குதாம். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று கேட்டால் தருமாம். ஐந்து தராதாம். ஐந்து வேணுமென்றால் வட்டத்தைக் கண்ணாலே பிரித்துக் கையாலே பூட்ட வேணும், கொஞ்சம் பிசகினாலும் ரொக்கெட் சரிந்துபோகும். உன்னுடையதை விட்டுப் பார்த்தார், சரியாமல் நேரே எழும்பிப் போனது. உவன் கவராயம் இல்லாமல் வட்டத்தை அஞ்சாப் பிரிச்சிருக்கிறான், ஒரு மயிரிழை பிசகேல்லை என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

நீ பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு, அவருக்குச் சொல்லாமல் பிரான்சுக்குப் போய் நாலு வருஷம். இவ்வளவு காலத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அது. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அந்தத் துணிவில்தான் பொங்கலன்று உங்களைக் கொம்பியூட்டரின் பெரிய திரையில் வரச் சொன்னேன்.

நடந்தது உனக்குத் தெரியும். எங்கள் திரையில் நீ இடப்பக்கம், றஜிதா வலப்பக்கம். பொங்கினனீங்களோ பிள்ளை, அங்கை குளிரோ, குருநகரிலை ஆரின்ரை பிள்ளை நீர் என்று அப்பா அவளிடம் அப்படி அன்பாக, வாரப்பாடாகக் கேட்டார். அவளும் ஓயாமல் பதில் சொன்னாள். நீ, அவர் முதலில் கதைக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாய். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. அவர் உன் பக்கம் பார்க்கவே இல்லை. நீ எழும்பிப் போனாய். எனக்கு அன்று அவரில் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரும் ஐந்து எஞ்சினோடு ஒரு ரொக்கெட் கட்டத் தொடங்கினார். அந்தத் தானாகப் பூட்டுகிற வசதி தனக்கு வேண்டாமாம், அவன் கையாலே செய்தால் நானும் கையாலேதான் என்று பிடிவாதம். கட்டி மேலே விட்டார். எழும்பின கையோடு ஒரு பக்கம் சாய்ந்து நிலத்தில் குத்தியது. திரும்பவும் கட்டினார், திரும்பவும் குத்தியது. விளையாட்டுப் பிழை என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து எஞ்சினும் வட்டத்தின் வலப்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மற்றப் பாதியில் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு பக்கத்திலைதானே கிடக்குது என்றேன். சுத்திவரத்தானே பூட்டியிருக்கிறன், உமக்குக் கண் தெரியாதோ என்று பாய்ந்தார். சுவரில் ஒரு படம் நூலளவு சரிந்தாலும் பொறுக்காத மனுசன், மகன்.

அதைப் பார்த்ததும் தர்சிகாவின் முகம் மாறிவிட்டது. தாளில் வட்டம் கீறிக் கொடுத்து மணிக்கூட்டு இலக்கங்களைப் போடச் சொன்னாள். பன்னிரண்டையும் வலப்பக்கத்திலேயே அடுக்கிவிட்டுச் சரி என்று பேனையை வைத்தார். கண்ணில் பிழையில்லையாம். மூளை இடப்பக்கத்தைக் கைவிட்டுவிட்டதாம், அப்படி ஒரு பக்கம் விடுபட்டுப் போனது அவருக்கே தெரியாதாம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை மாதமாகக் சோற்றுக் கோப்பையின் இடப்பக்கம் வைக்கிற முருங்கைக்காய்க் கறியைத் தொடாமல் எழும்புவார். என் சமையலில் குற்றம் பிடிக்கிறார் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கோப்பையைத் திருப்பி வைத்தால், இது எப்ப வைச்சனீர் என்று கேட்டுச் சாப்பிடுகிறார்.

தர்சிகா அவர் தலையை மெல்லத் திருப்பி, வெறுமையாகக் கிடந்த பக்கத்தைக் காட்டினாள். கண்டார். கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் காலமை போய்ப் பார்க்கிறேன், ஐந்தும் பழையபடி ஒரே பக்கத்தில். ஆஸ்பத்திரியில் கேட்டேன். அந்தப் பக்கம் இனித் திரும்பி வரலாம், வராமலும் விடலாம், பாரிசவாதம் இன்னொரு தரம் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார்கள். எதைக் கொண்டு பார்க்கிறது?

பொங்கலன்று மகனைக் காணேல்லையோ என்று அவரிடம் கேட்டேன். அவன் எங்கை வந்தவன், அந்தப் பிள்ளையை இருத்திப்போட்டுத் தான் வராமல் விட்டவன், நான் சாகக் கிடந்தாலும் உவனுக்கு ரோசம்தான் பெரிசு என்றார். சுபாங்கன், அவர் உன்னைப் பார்க்கவில்லை என்று நீ எழும்பிப் போனாய். நீ வரவில்லை என்று அவர் பொங்கலையும் தொடாமல் போய்ப் படுத்தார். நான் நடுவில் இருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவன் இருந்தவன், நான் என் கண்ணால் கண்டனான் என்று சொன்னேன். நம்பவில்லை. நீ பிளேன் ஏறும் வரைக்கும், சோதனை எழுதக் கொழும்பில் நிற்கிறாய் என்று அவருக்குச் சொன்னது நான்தானே. உவனுக்காக நீர் சொல்லாத பொய்யோ என்கிறார். தர்சிகாவைக் கொண்டு சொல்ல வைத்தேன். எஞ்சின் தெரியாமல் போகலாம் பிள்ளை, பெத்த மகன் தெரியாமல் போவானோ என்று அவளிடம் கேட்டார். இனி நீயும் இதை வாசித்துவிட்டு, அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைக்கக் கதை கட்டுகிறாள் என்பாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் நிற்கிறேன்.

உன்னை வா என்று நான் கேட்கவில்லை. உன் அகதி வழக்கு முடியாமல் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக விடமாட்டார்கள் என்று றஜிதா சொன்னாள். அவளை விட்டுவிட்டு நீ வரக்கூடாது. அவள் நல்ல பிள்ளை. அவளைத் தந்த மாதாவும் எங்கடை பிள்ளையாரும் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு தரம் திரையில் வா. றஜிதாவோடு இடத்தை மாறி, எங்களுக்கு வலப்பக்கம் தெரிகிற மாதிரி இரு. அவர் முதலில் கதைக்கட்டும் என்று இராதே. நீ அப்பா என்று கூப்பிடு. அதற்குப் பிறகு எல்லாம் சரிவரும் என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. நாலு வருஷக் கோபம் உள்ளே எங்காவது கிடக்கும். உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். ஏசினால் வாங்கிக்கொள், மகன். நீ முன்னால் இருக்கிறாய் என்று தெரிந்து ஏசட்டும்.

இப்படிக்கு,
போன் அடிக்கும் என்று பார்த்திருக்கும்
உன் அம்மா,
வா. பத்மாசினி